மெக்சிகோ மாமா வாய் திறக்காத நாள்

கடலூர் மாவட்டத்தில் மெக்சிகோவுக்குத் தூதர் என்று ஒருவரை நியமிப்பதாக இருந்தால், அந்த வேலைக்கு எங்கள் மெக்சிகோ மாமாவை விட்டால் ஆள் கிடையாது. விழுப்புரத்தைத் தாண்டிப் போனதில்லை என்பது ஒன்றுதான் அவரிடம் குறை.

சிப்காட்டில் நாங்கள் வேலை பார்த்த ரசாயனக் கம்பெனியில் அவர் ஃபிட்டர், நான் ஸ்டோரில் உதவியாளர். சிதம்பரத்திலிருந்து போகும் கம்பெனி பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட் அவருடையது. நான் அதிகம் பேசாதவன் என்பதால் அவரே கேட்டு வாங்கிக்கொண்ட சீட் அது.

கம்பெனி ஆண்டு விழா வினாடி வினாவில்தான் அவருக்கு இது ஆரம்பித்தது. "மிளகாய் முதலில் விளைந்த நாடு எது?" என்ற கேள்விக்கு முதல் ஆளாகக் கை தூக்கி, "குண்டூர்" என்றார். அரங்கமே சிரித்தது. பரிசாக வைத்திருந்த எவர்சில்வர் டிபன் கேரியர், "மெக்சிகோ" என்று சொன்ன வேறொருவருக்குப் போனது. அந்த அவமானத்தில் மெக்சிகோவைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தவர், நிறுத்தவே இல்லை.

ஒருநாள் கேன்டீனில் சாம்பாரைக் காட்டி மாஸ்டரிடம் கேட்டார்: "மொளகாயும் தக்காளியும் அங்கேருந்து வந்தது. ரெண்டையும் எடுத்துட்டா ஒன் சாம்பார்ல என்னய்யா மிச்சம்?"

"நீ தட்டத் தூக்கிட்டுப் போனீன்னா எனக்கு நிம்மதி மிச்சம்" என்றார் மாஸ்டர்.

ஆயுத பூஜையன்று மெஷினுக்குப் போட்ட செண்டுப்பூ மாலையைப் பார்த்து, "இதுவும் அவுங்க ஊர்ப் பூதான். செத்தவங்களுக்கு வழி காட்டறதுக்குப் போடுவாங்க" என்றார். சூப்பர்வைசர் அவசரமாக மாலையைக் கழற்றி ரோஜா வாங்கிவர ஆள் அனுப்பினார்.

இன்னொரு நாள் பஸ்ஸில், ஒரு விவசாயியின் சோளக்கொல்லை வெடித்து அதிலிருந்து எரிமலை முளைத்து, ஒரே வருஷத்தில் மலையாக நின்ற கதையைச் சொன்னார். பின் சீட்டிலிருந்து ஒருவர், "மாமா, அந்த மலைக்குப் பட்டா யாரு பேர்ல?" என்று கேட்டுவிட்டார். மூன்று நாள் தேடினார் பாவம். பதில் கிடைக்கவில்லை.

அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது, கல்யாணம் ஆகவில்லை. ஏழு வீட்டில் பெண் பார்த்து, ஏழு வீட்டிலும் ஒரே பதில்: "மாப்பிள்ள பேசுவாரா?" ஒரு வீட்டில் டாக்டர் சர்டிபிகேட்டே கேட்டார்கள். எட்டாவது வீடு ஸ்ரீமுஷ்ணம். "இதுவும் தட்டிப்போச்சுன்னா இனிமே தேட மாட்டேன்" என்று தரகர் சொல்லிவிட்டார். கூட வர வேண்டிய அக்காவுக்குக் கால் முறிந்து மாவுக்கட்டு. வேறு ஆள் இல்லாமல் மெக்சிகோ மாமாவைக் கூப்பிட்டேன்.

"மாமா, அங்க வந்து மெக்சிகோ பேர மட்டும் எடுக்கக் கூடாது."

"சத்தியமா எடுக்க மாட்டேன் மாப்ள."

அந்த வீட்டில் தட்டு வந்தது. மிளகாய் பஜ்ஜி, தக்காளிச் சட்னி, பக்கத்தில் நறுக்கிய கொய்யா. மாமாவுக்குக் காது சிவந்தது. தட்டு முழுக்க அவர் ஊர்க்காரர்கள்.

"என்னங்க, சாப்புடலியா? காரமா?" என்றார் பெண்ணின் அப்பா.

வாயைத் திறந்தால் வந்துவிடும் என்று பயந்து மாமா தலையை மட்டும் ஆட்டினார்.

உள்ளிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. "மாப்பிள்ளதான் பேச மாட்டாருன்னாங்க, மாமாவுமா?"

வேறு வழி தெரியாமல், "பொண்ணும் மாப்பிள்ளையும் தோட்டத்துப் பக்கம் அஞ்சு நிமிஷம் பேசட்டும்" என்றார்கள். பப்பாளி மரத்தடியில் நின்றோம். நாலு நிமிஷம் நான் என் செருப்பைப் பார்த்தேன். பெண்ணும் என் செருப்பைப் பார்த்தார்.

"எதாச்சும் கேக்கணுமா?" என்றார் கடைசியில்.

என் மண்டையில் ஒன்றுமே இல்லை. இருந்தது ஒன்றுதான்.

"தண்ணிக்குள்ள ஒரு பிராணி இருக்குங்க. கால் போனா திரும்ப மொளைக்கும்" என்றேன். "மெக்சிகோவுல."

எட்டாவது வீடும் போயிற்று என்று நினைத்தேன்.

"கால் மட்டுமா?" என்றார் அவர்.

"இதயத்துல கொஞ்சம் வெட்டுப்பட்டாகூட வளந்துடுமாம்."

"இதுவரைக்கும் வந்தவங்க எல்லாம் சமைக்கத் தெரியுமான்னுதான் கேட்டாங்க" என்றார். பிறகு, "அப்புறம்?"

அப்புறம் சோளக்கொல்லை எரிமலையைச் சொன்னேன். ஏரிமேல் கட்டியதால் வருஷா வருஷம் கீழே இறங்கும் தலைநகரத்தைச் சொன்னேன். அஞ்சு நிமிஷம் அரை மணி நேரமாகி, அவருடைய அப்பா வந்து எட்டிப் பார்த்தார். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "பொண்ணுக்குச் சம்மதமாம்" என்றார்.

திரும்பும் பஸ் காட்டுமன்னார்கோயில் தாண்டியதும் மாமா பெருமையாகச் சொன்னார்: "பாத்தியா மாப்ள, ஒரு வார்த்த பேசல. ஒனக்காக."

"நான் பேசிட்டேன் மாமா."

"என்ன பேசுன?"

"ஒங்க மெக்சிகோதான்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "கால் மொளைக்கறத சொன்னியா?" என்றார்.

"சொன்னேன்."

"வாலு?"

"மறந்துட்டேன்."

"அட போடா! அதான முக்கியம்" என்று ஆரம்பித்தார்.

சிதம்பரம் பஸ் நிலையம் வந்துவிட்டது. அவர் இன்னும் வாலிலேயே இருந்தார். என் வீடு கீழவீதிப் பக்கம், அவர் வீடு ரயிலடிப் பக்கம். நானும் அவரோடு ரயிலடிப் பக்கமே நடந்தேன்.