பதினேழுக்குப் பதினேழு

பழைய ஆட்டப் படத்தைப் பதினோராவது தடவையாக ஓட்டிப் பார்த்தபோதும் பந்து தரையில்தான் விழுந்தது.

வெண்டல் ஆர்கஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பன்னிரண்டாவது தடவை ஓட்டினார். 1983, ஒஹாயோ மாநிலப் பள்ளிகளின் அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டி. முதல் பாதி முடிய இன்னும் ஒன்பது விநாடி. மில்லர்ஸ் ஃபோர்க் பள்ளி அணியில் பந்தை எறிகிற ஆட்டக்காரன், குவார்ட்டர்பேக் டேல் ஹாஃப்ஸ்டெட்டர், பந்தை வாங்குகிறான். ஓடுகிற கடிகாரத்தை நிறுத்துவதற்காக அதைத் தன் காலடியிலேயே ஓங்கி அடிக்கிறான். எல்லாக் குவார்ட்டர்பேக்குகளும் செய்கிற காரியம்தான். குற்றமே இல்லை. ஆனால் விதிப்புத்தகத்தில் அதற்குப் பெயர், தவறிய பாஸ்; சக ஆட்டக்காரர் கைக்குப் போய்ச் சேராத எறி.

அந்த ஆட்டத்தில் டேல் பதினேழு பாஸ் எறிந்து பதினேழும் கைசேர்ந்தன என்று ஊரே சொல்லும். ஊர் எல்லையில் நிற்கும் பலகை சொல்லும். டேலின் டிராக்டர் கடை விளம்பரம் சொல்லும். அவருடைய வண்டியின் எண்ணே 17-17. வருகிற வெள்ளிக்கிழமை மைதான வாசலில் திறக்கப்போகிற வெண்கலப் பலகையும் அதையேதான் சொல்லப்போகிறது. பள்ளிக்காக இறுதிப் போட்டி ஆடிய நான்கு குவார்ட்டர்பேக்குகளின் பெயர்களில் டேல் பெயர்தான் முதலில்.

இத்தனைக்கும் ஆதாரம் ஒரே ஒரு தாள். அதை எழுதியவர், அன்று பதினாறு வயதுப் பள்ளி மாணவனாக இருந்த வெண்டல்.

அந்த விநாடியில் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பது அவருக்குத் துல்லியமாக நினைவிருந்தது. பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

"என்ன வெண்டல், மூஞ்சி திரிஞ்ச பால் மாதிரி இருக்கு?" பள்ளி அலுவலகத்தில் எதிர் மேசையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த செயலாளர் மிஸ் பெர்னடீன் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"ஒண்ணுமில்ல மிஸ் பெர்னடீன். பழைய படம். தூசி."

"கம்ப்யூட்டருக்குள்ள ஏதுப்பா தூசி?"

வெண்டலுக்குத் தபால் நிலையத்தில் வேலை. ஆனால் ஊரில் அவருக்கு இருந்த மரியாதை வேறு. நாற்பத்தொரு வருடமாகப் பள்ளியின் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் குறிப்பெடுத்தவர். ஒரு தப்புகூடச் செய்யாதவர். எந்தச் சண்டையும் "வெண்டலைக் கேளு" என்று முடியும். கல்யாண நாளை மறந்த கணவர்கள் அவரைத்தான் ரகசியமாகக் கூப்பிடுவார்கள். உள்ளூர்ப் பத்திரிகை ஒருமுறை 'தவறாத மனிதர்' என்று அவர் படத்தைப் போட்டது. அவர் அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். மனைவி ஐரீன் அதைக் குளியலறைக்கு மாற்றினார்.

இப்போது டேலின் சாதனையைத் திருத்தினால், தன்னுடையதும் போய்விடும்.

மறுநாள் காலை, ஓய்வுபெற்ற நடுவர் விர்ஜிலைத் தேடி உணவகத்துக்குப் போனார். ஏதாவது ஒரு ஓட்டை இருக்காதா?

"விர்ஜில், ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். பந்தை வேணும்னே தரையில அடிச்சா பாஸ் கணக்குல வருமா?"

"வரும். தவறுன பாஸ்."

"வேணும்னே அடிச்சாலுமா?"

"வேணும்னே வழுக்கி விழுந்தாலும் விழுந்தது விழுந்ததுதானே!" விர்ஜில் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "எந்த வருஷம்?"

"வருஷமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. சும்மா."

"எண்பத்துமூணா?"

வெண்டல் கோப்பையை எடுத்துக் காபியைக் குடித்தார். கோப்பையில் காபி இல்லை.

மதியத்துக்குள் தபால் நிலைய ஜன்னலில் ராய் பாஸ்டர்நாக் நின்றார். 1996 இறுதிப் போட்டியில், அப்போதைய குவார்ட்டர்பேக்குக்கு ஷூ கயிறு அறுந்த நேரத்தில், சில விநாடிகளுக்கு மட்டும் உள்ளே போனவர் ராய். ஒரே ஒரு பாஸ் எறிந்தார். இரண்டு கஜம். அதைப் பிடித்துவிட்டார்கள். பலகையில் நாலாவது பெயர் அவருடையது.

"ஸ்டாம்ப் வேணுமா ராய்?"

"நூறு சதவீதம் வேணும். டேல் பதினெட்டுக்குப் பதினேழுன்னா தொண்ணூத்திநாலுதான் வருது. நான் ஒண்ணுக்கு ஒண்ணு. என் பேரு மேல வரணும்."

"யோவ், நீ எறிஞ்சதே ஒரு பாஸ்!"

"அதுல தவறுனது எத்தனை, சொல்லு பாப்போம்."

வெண்டல் ஸ்டாம்ப் பெட்டியை மூடினார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா நானே மைக்கைப் புடிச்சு, நீ தப்பா எழுதினேன்னு சொல்லிருவேன்."

ஜன்னலைச் சாத்திவிட்டு வெண்டல் யோசித்தார். பெயர் வரிசையைத் தொட்டால் ஊர் கேட்கும். எண்ணை மட்டும் சத்தமில்லாமல் திருத்திவிட்டால்? ராய்க்கு வாய் அடைபடும். வெண்கலப் பலகையை யார் உட்கார்ந்து படிக்கப்போகிறார்கள்? பலகையை வார்க்கிற வார்ப்பாலை லூதருக்குப் போன் போட்டார்.

"லூதர், ஊத்திட்டீங்களா?"

"அச்சு ரெடி. நாளைக்குத்தான் ஊத்தறோம்."

"டேல் பேருக்கு நேரா 17/17ன்னு இருக்கில்ல? வலது பக்கத்துப் பதினேழைப் பதினெட்டாக்கிருங்க."

"வலது பக்கமா?"

"வலது பக்கம்."

"முடிஞ்சுது."

ஒரு எண்தான். ஐந்து நிமிட வேலை. வெண்டலுக்கு இரண்டு நாளில் முதல்முறையாகப் பசித்தது.

சாயங்காலம் டேலே வீட்டுக்கு வந்துவிட்டார். வந்த வேகத்தில் வெண்டலின் தோளில் ஓங்கி ஒரு அடி.

"டேய், அந்த ராய் ஏதோ உளறிக்கிட்டுத் திரியறான்டா. பந்தைத் தரையில அடிச்சேனாம். எனக்கு ஞாபகமே இல்ல. நான் ஒரே வார்த்தைல அடிச்சுட்டேன். வெண்டல் என்ன எழுதினானோ அதுதான் வேதம்னு."

"சரி."

"நீ என்னைக்காவது தப்பு பண்ணிருக்கியாடா?"

அப்போது சொல்லியிருக்கலாம். சமையலறையிலிருந்து ஐரீன்கூட எட்டிப் பார்த்தார்.

"இல்ல" என்றார் வெண்டல்.

"அப்பறம் என்ன! வெள்ளிக்கிழமை மேடையில நான் உன்னைப் பத்தித்தான் பேசப்போறேன்."

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஊரே மைதான வாசலில் கூடியது. பள்ளி வாத்தியக் குழு முழங்கியது. மிஸ் பெர்னடீன் பலகையை மூடியிருந்த துணியை இழுத்தார்.

டேல் ஹாஃப்ஸ்டெட்டர், 18/17.

வெண்டல் இரண்டு முறை படித்தார். பிறகுதான் புரிந்தது. வார்ப்பாலையில் அச்சில் எல்லாம் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் மாறி இருக்கும். அச்சில் எது வலதோ அது வெண்கலத்தில் இடது. லூதர் சொன்னதைச் சொன்னபடி செய்திருந்தார்.

வாத்தியம் ஒவ்வொன்றாக நின்றது. பெரிய முரசு மட்டும் கொஞ்சம் தாமதமாக நின்றது.

டேல் பலகையைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். மைக்கை எடுத்தார்.

"பதினேழு எறிஞ்சு பதினெட்டு போய்ச் சேர்ந்திருக்குன்னு வெண்டல் சொன்னா, சேர்ந்திருக்குய்யா! நான் எறியாததுகூடப் போய்ச் சேர்ந்திருக்கு!"

கைத்தட்டல் காதைப் பிளந்தது. போதகர் "ஆமென்" என்றார். ராய் விரல்விட்டு ஏதோ எண்ணிப் பார்த்தார். பிறகு மெல்லத் தொப்பியைக் கழற்றினார்.

"நூத்தி ஆறு சதவீதம். இதை என்னால முந்த முடியாது" என்று பக்கத்திலிருந்த விர்ஜிலிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

அவ்வளவுதான். எல்லாம் முடிந்துவிட்டது. சும்மா சிரித்துக்கொண்டு நின்றிருந்தால் வெண்டல் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் அவர் கண் அந்த 18/17-ஐ விட்டு நகர மறுத்தது. எறிந்ததைவிடப் பிடித்தது அதிகம். அதன் கீழே, சின்ன எழுத்தில், 'குறிப்பெடுத்தவர்: வெண்டல் ஆர்கஸ்'. வெண்கலம் ஐந்நூறு வருடம் இருக்கும்.

டேலின் கையிலிருந்து மைக்கை வாங்கினார்.

"இது தப்புங்க. பதினெட்டுக்குப் பதினேழு. டேல் ஒண்ணைத் தரையில அடிச்சான். நான் பாக்கல. பென்சில் சீவிக்கிட்டு இருந்தேன்." கண்ணாடியைக் கழற்றினார். "என்னை மன்னிச்சிருங்க. நாப்பத்தொரு வருஷத்துல இது ஒண்ணுதான் என்னோட தப்பு."

டேல் வாய் திறந்தபடி நின்றார். ஐரீன் கைக்குட்டையை எடுத்தார்.

பலகைத் துணியை நாலாக மடித்துக்கொண்டிருந்த மிஸ் பெர்னடீன் நிமிர்ந்து பார்த்தார்.

"ஒண்ணுதானா? நீ திங்கக்கிழமை திங்கக்கிழமை குடுத்துட்டுப் போற தாளை, நாப்பத்தொரு வருஷமா செவ்வாய்க்கிழமை பூரா உக்காந்து திருத்தித்தானேப்பா நான் மாநில ஆபீசுக்கு அனுப்பிக்கிட்டு இருக்கேன்!"