ஒட்டாத மூலை

அமிலச் சொட்டு விழுந்ததும் கல் நுரைத்துப் பொங்கியது. வகுப்பே கைதட்டியது. மாணவர்கள் 'கல்லு சார்' என்று கூப்பிடும் அந்த அறிவியல் ஆசிரியர் இத்தனை வருஷத்தில் வாங்கிய முதல் கைதட்டல் அதுதான்.

"பொங்கினா சுண்ணாம்புச் சத்து இருக்குன்னு அர்த்தம். சுண்ணாம்புக்கல் பூமிக்குள்ள சூட்டுலயும் அழுத்தத்துலயும் பல காலம் கிடந்துதான் இப்படிப் பளிங்கா மாறுது."

சொல்லும்போதே அவருக்கு மனசு கனத்தது. அவரும் இந்தப் பள்ளியில் சூட்டிலும் அழுத்தத்திலும் பல காலமாகக் கிடக்கிறார். இன்னும் தற்காலிக ஆசிரியர்தான்.

ஆளுக்கொரு கல் கொண்டுவரச் சொன்னதற்கு எல்லோரும் ரோட்டு ஜல்லியை அள்ளி வந்திருந்தார்கள். கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்திதான் உருப்படியாகப் பளிங்குத் துண்டு கொண்டுவந்தாள். வரிசையாக வந்து ஆளுக்கொரு சொட்டு விட்டுத் தீர்த்தார்கள். அதன்பிறகு அவர் கல்லைத் துடைத்துத் திருப்பினார். மறுபக்கத்தில் பாதிப் பூ ஒன்று செதுக்கியிருந்தது.

"இது எங்கம்மா கிடைச்சுது?"

"கல்லறைத் தோட்டத்துல சார். கீழ கிடந்துச்சு."

"தானா விழுந்து கிடந்துச்சா?"

"சுத்தியலால தட்டினேன், விழுந்துச்சு. நீங்கதானே சார் பாறையைத் தட்டிப் பாக்கணும்னு சொன்னீங்க?"

எந்தக் கல்லறை என்று கேட்டார். வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற பெரியது என்றாள். அது தலைமையாசிரியரின் மனைவியுடைய கல்லறை.

இந்த வருஷம் நிரந்தரப் பணியிடம் ஒன்றே ஒன்று. போட்டி அவருக்கும் விளையாட்டு ஆசிரியருக்கும். நாளைக் காலையில் தலைமையாசிரியர் யாரைச் சிபாரிசு செய்கிறாரோ அவருக்குத்தான் வேலை. "அவர் விசில் சத்தத்துலதான் பள்ளிக்கூடம் நடக்குதுன்னே தெரியுது. உங்க கல்லுங்க ஒரு சத்தமும் போடறதில்லையே" என்று தலைமையாசிரியர் ஏற்கெனவே சொல்லியாயிற்று. வீட்டிலோ மனைவி எதைப் பேசினாலும் "வேலை நிரந்தரமானா" என்றுதான் ஆரம்பிப்பாள். சில மாதங்களாக அப்படி ஆரம்பிப்பதையும் விட்டுவிட்டாள். அதுதான் அவருக்கு அதிகப் பயமாக இருந்தது.

பள்ளி விட்டதும் நொடியில் ஒட்டும் பசை ஒன்று வாங்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். தூறிக்கொண்டிருந்தது. கல்லறை மேல் யாரோ வைத்த பூக்கள் இன்னும் வாடாமல் இருந்தன. பாவம், கடுகடுவென்று இருந்தாலும் மனுஷருக்கு மனைவி மேல் எவ்வளவு பிரியம் என்று நினைத்துக்கொண்டார்.

மூலையை வைத்துப் பார்த்தார். பொருந்தவில்லை. வகுப்பு முழுதும் சொட்டிய அமிலம் ஓரங்களைத் தின்றிருந்தது. பசையைத் தாராளமாகப் பிதுக்கி, இடது கையைக் கல்லில் ஊன்றிக்கொண்டு வலது கையால் அழுத்தினார். பூ தலைகீழாக உட்கார்ந்தது. அதைப் பிடுங்கப் போனால், நல்லாயிருந்த இன்னொரு துண்டும் சேர்ந்து பெயர்ந்துவந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். தலையில் அடித்துக்கொள்ளலாம் என்று இடது கையைத் தூக்கினார். கை வரவில்லை. வழிந்த பசை உள்ளங்கையைக் கல்லோடு சேர்த்து ஒட்டியிருந்தது.

ஒட்டவேண்டியது ஒட்டவில்லை, ஒட்டக்கூடாதது ஒட்டிக்கொண்டது. தன் வாழ்க்கையே இப்படித்தான் என்று தோன்றியது.

காலடிச் சத்தம் கேட்டது. காவல்காரர் குடையோடு வந்துகொண்டிருந்தார். மண்டியிட்டுக் கல்லறையைப் பிடித்துக்கொண்டிருப்பவன் அங்கே வேறென்ன செய்யமுடியும்? கல்லு சார் உடைந்த துண்டுகளைச் சட்டைப்பைக்குள் தள்ளிவிட்டு அழ ஆரம்பித்தார். பொய்யாகத்தான் ஆரம்பித்தார். மனைவி சொல்லாமல் விட்டுவிட்ட அந்த வாக்கியம் நினைவுக்கு வந்ததும் அது நிஜ அழுகையாகிவிட்டது, நிறுத்த முடியவில்லை.

"இந்தம்மா உங்களுக்கு என்ன உறவு?" என்று காவல்காரர் மெதுவாகக் கேட்டார்.

"தெரிஞ்சவங்க."

"ம். அப்படித்தான் சொல்றாங்க."

கை ஒட்டிக்கொண்டதைச் சொல்லி, கொஞ்சம் வெந்நீர் கொண்டுவந்தால் புண்ணியமாகப் போகும் என்று கெஞ்சினார். காவல்காரர் குடையை அவர் தோளில் சாய்த்துவைத்துவிட்டுப் போனார். நல்ல மனுஷர். நல்ல மனுஷர்களால்தான் ஆபத்து. இவர் அழுகையைப் பார்த்துப் பயந்துபோய், கல்லறைக்குச் சொந்தக்காரருக்கும் ஒரு போன் போட்டுவிட்டார். வெந்நீரோடு திரும்பி வந்தபோது பின்னால் தலைமையாசிரியரும் வந்தார்.

தலைமையாசிரியர் தன் மனைவியின் கல்லறையைப் பார்த்தார். அதைப் பிடித்தபடி வீங்கிய கண்ணோடு இருந்த ஆசிரியரைப் பார்த்தார். கடைசியாகப் பூக்களைப் பார்த்தார்.

"எத்தனை நாளா?" என்றார்.

"இன்னைக்குத்தான் சார்! ஒரு மூலை உடைஞ்சிருந்துச்சு, ஒட்டலாம்னு..."

"பூ?"

"பூ நீங்க வச்சது இல்லையா சார்?"

"கல்லு நட்ட அன்னைக்கு வந்ததுதான். அதுக்கப்புறம் எனக்கு இங்க வர தைரியம் வரல." தலைமையாசிரியர் ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "நாளைக்கு நீங்க பள்ளிக்கூடத்துக்கு வரவேண்டாம்."

எல்லாம் முடிந்தது என்று கல்லு சார் கண்ணை மூடிக்கொண்டார். வீட்டுக்குப் போய் என்ன சொல்வது என்றுகூட யோசிக்கத் தோன்றவில்லை.

காவல்காரருக்கு மனசு பொறுக்கவில்லை. ஒட்டிய கையில் வெந்நீரை ஊற்றிக்கொண்டே சொன்னார்:

"இவரைக் கோவிச்சுக்காதீங்கய்யா, இவரு இன்னைக்குத்தான் வர்றாரு. வாரம் தவறாம பூ வச்சு அழுதுட்டுப் போறவரு வேற ஆளு. நல்ல உயரம், கழுத்துல எப்பவும் விசில் தொங்கும்."