பாய்லர் நைனா திருப்பி அனுப்பிய பணம்

உலகத்தின் சூட்டைத் தணிக்க வெளிநாட்டிலிருந்து வரவிருந்த பணத்தை ஒரே பேச்சில் திருப்பி அனுப்பிய மகானுபாவர், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையிலேயே ஒருவர்தான். எங்கள் அட்டை ஆலையின் பாய்லர் நைனா.

சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டுமே தெரியும். நிலக்கரி பாய்லரை யாராவது ‘அது’ என்று சொன்னால் சண்டைக்கு வந்துவிடுவார். “அவன் காலைலேர்ந்து பேஜாரா கீறான், கிட்ட போவாத” என்பார். முதலாளியே அந்தப் பக்கம் வந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்வார். பதினெட்டு வருடம் கரி வாரிப் போட்டதில் நைனாவின் நெஞ்சு கெட்டிருந்தது. இரண்டு வார்த்தைக்கு ஓர் இருமல்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, நம்மைப் போன்ற நாடுகளில் புகையைக் குறைக்கப் பணக்கார நாடுகள் பணம் தரும் ஏற்பாடு வந்தது. உமியில் எரியும் புது பாய்லருக்கு முதலாளி மனுப் போட்டார். அதில் உமி தானாகவே உள்ளே போய்விடும், நைனா புகையில் நிற்கவேண்டியதில்லை. நிபந்தனை ஒன்றுதான்: அந்தப் பணம் இல்லாமல் எங்களால் மாற்றவே முடியாது என்று தெரியவேண்டும். உண்மையும் அதுதான். ஆலை அப்போது தள்ளாடிக்கொண்டிருந்தது.

சோதிக்க ஒரு வெள்ளைக்காரர் வந்தார். ஆபீஸ் கிளார்க்கான நான், ஆங்கிலம் தெரிந்த பாவத்துக்கு மொழிபெயர்ப்பாளன். “எங்கள் பணம் வராவிட்டால் என்ன செய்வீர்கள்?” என்று அவர் நைனாவையே கேட்டுவிட்டார்.

நைனா நிமிர்ந்து நின்றார். “துட்டு வரலன்னா எங்க மொதலாளி கைய கட்டிக்கினு நிப்பாருன்னு நெனச்சிக்கினாரா? வர்ற தீவாளிக்குள்ள புதுசு வச்சிடுவாரு. நல்லா சொல்லுபா!”

வந்தவர் முன்னால் நம் கஷ்டத்தைக் காட்டக்கூடாது என்பது நைனாவின் மரியாதை. நிபந்தனையை அவரிடம் யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். தெரிந்தும் அரிச்சந்திரன் பேரன் மாதிரி ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். அன்றைக்குப் பார்த்து ஆங்கிலம் தங்குதடையின்றி வந்தது.

பணம் இல்லாமலே மாற்றிவிடுவார்கள் என்று வெள்ளைக்காரர் எழுதிக்கொண்டார். முதலாளி எத்தனையோ கடிதம் போட்டுப் பார்த்தார். பணம் வரவில்லை, பாய்லரும் வரவில்லை.

நானே போய் நைனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இருமி முடித்துவிட்டு, “நான் சொன்னத அப்டியே சொன்னியா?” என்று கேட்டார்.

“அப்டியே சொன்னேன் நைனா.”

“அப்ப உம்மேல இன்னா தப்பு? போ போ, இங்க பொகை அடிக்குது” என்று என்னை வெளியே தள்ளிவிட்டு, அவர் உள்ளே போனார்.

அதே கேள்வியை இன்று யாராவது வந்து கேட்டால், அந்த மனுஷனின் நெஞ்சுக்காக வாய் கூசாமல் மாற்றிச் சொல்லுவேன்.