பட்டுப்புடவை பீரோவில் ஒரு ராக் ஆல்பம்

மனைவியின் பட்டுப்புடவைகளை வைத்து ராக் இசை செய்த ஒரே மனிதர், இந்த உலகத்திலேயே எங்கள் செம்பாக்கம் 'பீரோ' சார்தான். மறுப்பவர்கள் ஆதாரத்தோடு வரலாம்.

பகலில் குரோம்பேட்டையில் மூக்குக்கண்ணாடி விற்பார். சாயங்காலம் எலக்ட்ரிக் கிடாரைக் கையில் எடுத்தால் விரல்கள் கண்ணுக்கே தெரியாது. அப்படியொரு வேகம். பாட்டே இல்லாமல், வெறும் கிடாரிலேயே தன் முதல் ஆல்பத்தைச் செய்வது என்று முடிவெடுத்து, வீட்டிலேயே ரெக்கார்டிங்கைத் தொடங்கினார். முதல் நாளே கீழ் வீட்டில் என் சாம்பாருக்குள் காரை உதிர்ந்தது. சண்டை போட மேலே ஓடினேன்.

"தப்பா நினைக்காதீங்க சார், வழி பண்றேன்" என்றவர், ஸ்பீக்கரையும் மைக்கையும் படுக்கையறைப் பீரோவில் புடவைகளுக்கு நடுவே வைத்துக் கதவைச் சாத்திவிட்டார். எனக்கு நிம்மதி. அவருக்கோ அதிர்ஷ்டம். அப்படியொரு இதமான நாதம் அதிலிருந்து வந்தது! அன்றோடு பீரோவிலிருந்து ஒரு புடவையும் நகரக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார்.

இந்த நேரம் பார்த்து, நாங்களெல்லாம் 'அக்கா' என்று கூப்பிடும் சாரின் மனைவியுடைய தம்பிக்குத் தாம்பரத்தில் கல்யாணம்.

"ஏங்க, அந்த அரக்குப் பட்டு ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கறேனே?"

"ஐயோ, டோன் மாறிடும்மா! பாட்டு பாதியில நிக்குது."

மாப்பிள்ளையின் சொந்த அக்கா, என் மனைவியிடம் இரவல் வாங்கிய புடவையில் போய் நின்றார். மண்டபமே விசாரித்தது. அக்கா அசரவில்லை. "என்னோடதெல்லாம் ரெக்கார்டிங்ல இருக்கு" என்றாராம்.

ஒருவழியாக ஆல்பம் முடிந்தது. வெளியிட வந்த கம்பெனிக்காரர் கேட்டுவிட்டு, "பிரமாதம் சார். ஆனா ஒரு சிங்கரைப் போட்டாத்தான் ரிலீஸ். வாய்ஸ் இல்லாம யாரு கேப்பாங்க?" என்றார். சாரின் முகம் தொங்கிவிட்டது. அதன்பிறகு மாடியில் சத்தமே இல்லை. சண்டை போடப் போன எனக்கே அந்த அமைதி பொறுக்கவில்லை.

மேலே போய், "நாலு வரி யாரையாவது பாட வெச்சுடுங்க சார், ஆல்பம் வந்தாப் போதும்" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அக்காவுக்குத்தான் கோபம் வந்தது.

"இதுக்கா நான் கூடப் பொறந்தவன் கல்யாணத்துல இரவல் புடவை கட்டினேன்? ஒருத்தரும் பாடக் கூடாது!"

தீர்ப்பு வந்துவிட்டது. சார் தானே இணையத்தில் வெளியிட்டார். மொட்டை மாடியில் விழா; பஜ்ஜி, காபி, குடியிருப்பு முழுக்கக் கூட்டம். நிதானமான ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது, தண்ணீர் கேன் கொண்டுவந்தவர் அதைத் தோளிலிருந்து இறக்கிவைத்துவிட்டு அக்காவிடம் கேட்டார்.

"மீசிக்கு சோக்கா கீதுக்கா. பாட்டு எப்போ ஆரம்பிக்கும்?"

"ஆரம்பிச்சாச்சுண்ணா. அவர்தான் பாடிக்கிட்டிருக்கார், கேளுங்க."

கேன்காரர் அந்தக் கேன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பாட்டு முடிந்ததும் சாரைப் பார்த்து, "இன்னொரு வாட்டி போடு சார்" என்றார்.

பீரோ சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் கண்ணும்தான் கலங்கியது. எங்கள் மாடி வீட்டுக்காரர் ஆயிற்றே!