பீங்கான் கம்பவுண்டரின் பூச்சுவர்

செஞ்சியை ஆண்ட ராஜாக்கள்கூடத் தங்கள் கோட்டை மதிலை அப்படிக் காத்திருக்க மாட்டார்கள், பீங்கான் கம்பவுண்டர் தன் வீட்டுக் கூடத்துச் சுவரைக் காத்த மாதிரி.

அறுபதுகளில் நான் அங்கே தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. அவருக்குப் பக்கத்துப் போர்ஷன். ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் அவர், லீவு கிடைத்தால் பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறிவிடுவார். அங்கே பழைய வெள்ளைக்கார வீடுகளில் கழித்துப்போட்ட பூப்போட்ட பீங்கான் தட்டுகளை வேட்டியில் சுற்றி, பச்சைக் குழந்தை போல மடியில் வைத்துக் கொண்டுவருவார். கம்பி கட்டிச் சுவரில் மாட்டுவார். ரோஜா, நீலப்பூ, பெயர் தெரியாத சீமைப்பூ. கூடம் நிரம்பி, சமையலறை நிரம்பி, குளியலறையிலும் இரண்டு பூத்தன. கட்டிலுக்கு மேலேயும் ஒன்று தொங்கியதால், அவர் மனைவி முகத்தின்மேல் தலையணை வைத்துக்கொண்டு தூங்கினார். சாப்பிடுவதென்னவோ அலுமினியத் தட்டில்தான்.

வாசலை ஒட்டித் திருவண்ணாமலை ரோடு. லாரி போனால் தட்டுகள் கிணுகிணுக்கும். கம்பவுண்டர் பாய்ந்து போய்க் கைகளை விரித்துச் சுவரோடு ஒட்டிக்கொள்வார். லாரி போனதும், விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார்.

மகள் வசந்தாவைப் பெண் பார்க்கத் திண்டிவனத்திலிருந்து வந்தார்கள். ஏற்கெனவே ஒரு வரன், மாமனார் ஒரு மாதிரி என்று கைவிட்டுப் போயிருந்தது. அதனால் நாற்காலியைவிட்டு எழக்கூடாது என்று கம்பவுண்டரிடம் அவர் மனைவி சத்தியம் வாங்கியிருந்தார். சபை நிறைய என்னையும் உட்காரவைத்திருந்தார்கள்.

கேசரி வந்தது. வேர்க்கடலை மூட்டை லாரியும் வந்தது. கம்பவுண்டர் நாற்காலிக் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அடுத்த கணம் அவர் சுவரில் இருந்தார்.

மாப்பிள்ளையின் அப்பா வாய் நிறையக் கேசரியோடு உறைந்துபோனார். கம்பவுண்டர் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அப்போது மாப்பிள்ளை எழுந்தார். நேரே எதிர்ச்சுவருக்குப் போய், அதேபோலக் கைகளை விரித்து ஒட்டிக்கொண்டார்.

"நீங்க அந்தப் பக்கம் புடிங்க மாமா, இத நான் பாத்துக்கறேன்" என்றார்.

உள்ளே வசந்தா சிரித்தது வாசல்வரை கேட்டது. கல்யாணம் நிச்சயமாயிற்று.

அவளைப் புருஷன் வீட்டுக்கு அனுப்பும் நாளன்று, கம்பவுண்டர் ரோஜாத் தட்டுகள் அத்தனையையும் கழற்றி, வைக்கோல் பொதிந்து கட்டிக் கொடுத்தார்.

"மாட்டி வெக்காத கண்ணு. இதுல சோறு போட்டுச் சாப்டு."

"ஒடைஞ்சிட்டா இன்னா பண்றது நைனா?"

"ஒடையட்டும். நீ வயிறாரச் சாப்டு, அது போதும்."

பஸ் ஸ்டாண்டில் அழுதுவிடாமல் இருக்க, பஸ் எத்தனை மணிக்கு என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். நானும் ஒவ்வொரு தடவையும் கடிகாரத்தைப் பார்த்து, முதல்முறை கேட்ட மாதிரியே பதில் சொன்னேன்.