குயிலின் அலகும் வியாழக்கிழமைச் சோதனையும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே ஒருவரைத் தவிர எல்லோரும் நலம். அந்த ஒருவருக்கும் ஓர் எலும்பைத் தவிர எல்லாம் நலம். அதுபோல் அங்கே நீங்களும் அண்ணியும் முழு நலமாக இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன்.

டாக்டர் அறையில் அன்று இருந்தவர்கள்: டாக்டர், எக்ஸ்ரே படத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற நர்ஸ், நான், உங்கள் மாப்பிள்ளை. நாற்காலிகள் மூன்று, உட்கார்ந்தவர்கள் இருவர். ஏனென்றால் உங்கள் மாப்பிள்ளை தான் ஓட்டும் பஸ்ஸின் ஈரப் படியிலேயே வழுக்கி, உட்காரும் இடம் அடிபட விழுந்திருந்தார். டாக்டர், "காக்சிக்ஸ்ல அடி" என்றார். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். வாலெலும்பு என்றார். இவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. வீட்டுக்கு வரும் வழியெல்லாம், இருபத்தாறு வருஷம் வண்டி ஓட்டியவனுக்கு வால் முளைத்துவிட்டதா என்று ஒரே புலம்பல், லீவு லெட்டரில் அந்த வார்த்தை வந்தால் கையெழுத்துப் போடமாட்டாராம்.

அதனால்தான் உங்களுக்கு போன் செய்தேன். மருத்துவ அகராதிக்குப் பிழை திருத்துகிறவர் அண்ணனாக இருக்கும்போது நான் யாரைப் போய்க் கேட்பது? நீங்களும் அது கிரேக்க வார்த்தை, குயில் என்று அர்த்தம், கூவுகிற சத்தமே அந்தப் பறவைக்குப் பேரானது, எலும்பின் நுனி குயிலின் அலகுபோல வளைந்திருப்பதால் அந்தக் காலத்து வைத்தியர்கள் அப்படி வைத்தார்கள் என்று இருபது நிமிஷம் சொன்னீர்கள். நான் ஒன்றுவிடாமல் இரண்டு பக்கத்துக்கு எழுதிக்கொண்டேன். மேலதிகாரிக்கு அரைகுறையாக எழுதக்கூடாது என்று அந்த இரண்டு பக்கத்தையும் லீவு லெட்டரோடு சேர்த்துத் தைத்துக் கொடுத்தேன். அலகு படம்கூடப் போட்டிருந்தேன்.

டிப்போவில் கிளார்க் அதை எல்லோருக்கும் சத்தமாக வாசித்துவிட்டாராம். இப்போது தெருவில் போகிற ஒவ்வொரு பஸ்ஸிலிருந்தும் டிரைவர், கண்டக்டர் இருவரும் தலையை நீட்டிக் கூவிவிட்டுப் போகிறார்கள். உங்கள் மாப்பிள்ளை ஜன்னலைச் சாத்திவிட்டு, "வாலுன்னே எழுதியிருக்கலாம்டி" என்கிறார். வருகிற வியாழக்கிழமை டிப்போவில் சோதனை. நாற்பது நிமிஷம் சீட்டில் உட்கார்ந்து ஓட்டிக் காட்டாவிட்டால் ஸ்டியரிங் வேறு ஆளுக்கு, இவருக்கு கேட்டில் நின்று வண்டி நம்பர் எழுதும் வேலை. இவரோ வலியும் போகவில்லை, அந்தப் பக்கம் தலையும் காட்டமாட்டேன் என்கிறார். சாப்பாடுகூட நின்றபடிதான்.

என் குழப்பம் வேறு. என் பிரார்த்தனை நோட்டைப் பற்றி உங்களுக்குத் தெரியும். ஆள் பேர், உறுப்பின் பேர், வேண்டிய தேதி, எந்தப் பேரில் பலித்தது என்று நாலு கட்டம். போன வருஷம் அடுத்த வீட்டு அக்காவுக்கு வயிறு என்று வேண்டினேன், வலி பித்தப்பையில் இருந்திருக்கிறது, ஆபரேஷன் வரை போய்விட்டது. அதனால் இந்தத் தடவை பயம். வால் என்று வேண்டினால், மனுஷனுக்கு ஏது வால் என்று மேலே இருப்பவர்கள் தள்ளிவிடமாட்டார்களா? குயில் என்றால் மரத்தில் இருக்கிற எந்தக் குயிலுக்காவது நல்லது நடந்துவிட்டால்? கிரேக்கத்தில் சொல்ல எனக்கு நாக்கு சரியாகப் புரளவில்லை. பத்து நாளாக மூன்று பேரையும் மாற்றி மாற்றிச் சொல்லி வருகிறேன். எது சரியான பேர் என்று எழுதவும்.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகள் எல்லா எலும்பும் உறுதியாக நூறு வருஷம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை

பின்குறிப்பு: மேலே எழுதியதை விட்டுவிடவும். பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினேன். உங்கள் மாப்பிள்ளை என் தோளுக்கு மேலாக இந்தக் கடிதம் முழுவதையும் வாசித்திருக்கிறார், மர முக்காலியில் உட்கார்ந்து. தலையணைகூட இல்லை. எப்போது உட்கார்ந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. நான் முக்காலியைப் பார்த்ததும், "குயில் உக்காந்துடுச்சுன்னு உங்கண்ணனுக்கு எழுது. வியாழக்கிழமை போறேன்" என்றார். எல்லாம் சரி, மூன்று பேரில் எது பலித்தது? நாலாவது கட்டம் காலியாக இருக்கிறது. சீக்கிரம் பதில் போடவும்.