காளைக்கு ஒரு சத்தியவாங்மூலம்

இனிமேல் பெண்டாட்டியின் வாய்ப்பேச்சை நம்புவதில்லை என்று பொங்கியண்ணன் முடிவெடுத்தது பல் துலக்கும்போது. பெரிய முடிவுகளை அவர் எப்போதும் அந்த நேரத்தில்தான் எடுப்பார். வாய் நிறைய நுரை இருக்கும். யாராவது எதிர்த்துப் பேசினாலும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

விஷயம் இதுதான். போன வருஷம், கேரளத்திலிருக்கும் அவர் ஊரிலிருந்து எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் நடந்த ரேக்ளா மாட்டுவண்டிப் பந்தயத்தில் சிநேகிதன் வண்டியை ஓட்டப் போய், குப்புற விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் காலுக்குள் கம்பி வைத்தார்கள். கண் விழித்தபோது கட்டிலருகே காளியாத்தாள் அழுதுகொண்டிருந்தாள். அவருக்குத் தெரிந்து அவள் அழுதது வெங்காயத்துக்கு மட்டும்தான். தான் பிழைப்போமா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"நீங்க எந்திரிச்சு நடந்தாப் போதுமுங்க. ஆசைப்பட்ட மாதிரி சொந்தமாவே ஒரு சோடி காளை வாங்கிக்குங்க. நான் குறுக்க நிக்க மாட்டேன்" என்றாள்.

அவர் எந்திரித்தார். நடந்தார். நேராக வேலந்தாவளம் சந்தைக்கே நடந்து, ஒரு சோடி காங்கேயம் காளைகளுக்கு விலை பேசிவிட்டு வீடு திரும்பினார்.

"காளையா? நான் எப்பங்க சொன்னேன்?" என்றாள் காளியாத்தாள்.

"ஆசுபத்திரியில சொன்ன!"

"ஆசுபத்திரியில ஆயிரம் சொல்லுவாங்க. நீங்கதான், 'காளி, உனக்கு ரெட்டைவடச் சங்கிலி எடுத்துத் தர்றேன்'னீங்க. எடுத்துட்டீங்களா?"

"நான் மயக்கத்துல சொன்னேன் புள்ள!"

"நான் தூக்கக் கலக்கத்துல சொன்னேனுங்க."

அதோடு பேச்சு முடிந்தது. அந்த வீட்டில் பேச்சை ஆரம்பிக்கும் உரிமை பொங்கியண்ணனுக்கு உண்டு. முடிக்கும் உரிமை கிடையாது.

பாவம் மனிதர். தென்னந்தோப்புக்குத் தண்ணீர் விட்டே பாதி ஆயுசு போயிற்று. மகள் யோகப்பிரியாவைக் கட்டிக்கொடுத்தாயிற்று. தனக்கென்று அவர் கேட்டது இந்த ஒன்றைத்தான். சொந்தக் காளை, சொந்த வண்டி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு ஓட்டம். அதற்கப்புறம் சாமி கூப்பிட்டாலும் போய்விடலாம் என்று அவர் சொல்வதுண்டு. அதைச் சொல்லும்போதெல்லாம் காளியாத்தாள் கையிலிருக்கும் பாத்திரத்தை டங்கென்று வைப்பாள்.

ஆகவே எழுத்து வேண்டும், கையெழுத்து வேண்டும், சர்க்கார் சீல் வேண்டும். இதைப் பாலக்காட்டுச் சித்தூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பிரதீப்பிடம் சொன்னார்.

"அதுக்கு நோட்டரி கிட்டப் போகணும் அண்ணா. சேச்சியையும் கூட்டிட்டு வாங்க."

"அவளா? முட்டி வலின்னுருவாளப்பா."

"அப்ப ஜிபி வக்கீலம்மாவைக் கூப்பிடுங்க. அதும் நோட்டரிதான். வீட்டுக்கே வந்து சீல் குத்தும். போன வாரம் ஒருத்தர் கல்யாணப் பந்தியில இருந்தாரு. எலை எடுக்கறதுக்குள்ள அவருகிட்ட ஒப்பு, அதான் கையெழுத்து, வாங்கிட்டு, பாயசமும் குடிச்சிட்டு வந்துச்சு."

பொங்கியண்ணனுக்குப் புல்லரித்தது. முட்டி வலிக்கு மருந்து கிடைத்துவிட்டது!

மறுநாள் ஒரு ஸ்கூட்டர் வாசலில் வந்து நின்றது. கறுப்புக் கோட்டும் ஹெல்மெட்டுமாக இறங்கிய ஜிபி வக்கீல், சாப்பாட்டுப் பை போன்ற ஒரு பையிலிருந்து ரப்பர் சீல், மைப்பெட்டி, தடித்த ரிஜிஸ்டர் எல்லாவற்றையும் எடுத்துச் சாப்பாட்டு மேஜைமேல் பரப்பினார். காளியாத்தாள் அடுப்பைப் பற்றவைத்தாள். டீயும் சிப்ஸும் கொண்டுவந்து வைத்தாள். விருந்தாளி வந்தால் சண்டை போடுவதில்லை என்பது அவளுடைய கொள்கை. சண்டையை எடுத்து ஓரமாக வைத்திருந்து, அவர்கள் போனபிறகு சூடாகப் பரிமாறுவாள்.

"சத்தியவாங்மூலம் யாரோடது?" என்று கேட்டார் ஜிபி. அவர் தமிழ் பேசினாலும் மலையாளம் எட்டி எட்டிப் பார்த்தது. பிரமாணப் பத்திரத்தைத்தான் அப்படிச் சொன்னார்.

"என்ற சம்சாரத்தோடதுங்க. நான் ரேக்ளாக் காளை வாங்கறதுக்கு அவளுக்கு மனப்பூர்வ சம்மதமுன்னு எழுதோணும். 'மனப்பூர்வ'ங்கறதை மட்டும் சித்தப் பெருசா எழுதுங்க."

ஜிபிக்கு டீ புரையேறியது. "அண்ணா, இதுக்குக் கோர்ட்டில ஒரு விலையும் கிட்டாது, கேட்டோ."

"கோர்ட்டு எதுக்குங்க? இவ கண்ணுல காட்டறதுக்கு ஒரு சீல் இருந்தாப் போதும்."

"செரி. சத்தியம் பண்ற ஆளுகிட்டத் தனியா பேசறது என்னோட வழக்கம். நிங்க கொஞ்சம் வெளியே நில்லுங்க."

"என்ற ஊட்டுக்கு உங்களை வரவெச்சதே நானுங்க!"

"அதுதான் அண்ணா, அதனாலதான்."

பொங்கியண்ணன் முருங்கை மரத்தடியில் போய் நின்றார். சொந்த வீட்டு வாசலில் வாடகைக்கு வீடு கேட்டு வந்தவர் மாதிரி நிற்பது அவருக்கே என்னவோபோல் இருந்தது. உள்ளே முதலில் முணுமுணுப்பு. அப்புறம் இரண்டு பெண்களும் சேர்ந்து சிரித்தார்கள். சிப்ஸ் கடிபடும் ஓசையும் கேட்டது. அதில் ஒன்றுகூட அவருக்கு இன்னும் கொடுக்கவில்லை.

கூப்பிட்டார்கள். போனார். காளியாத்தாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சிரித்துத் துடைக்கிறாளா, அழுது துடைக்கிறாளா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"சேச்சிக்கு முழுச் சம்மதம்" என்றார் ஜிபி. மலையாளத்தில் எழுதியிருந்ததைத் தமிழில் விளக்கினார். "அண்ணன் காளை வாங்கலாம். பந்தயத்துக்குப் போலாம். ஒரே ஒரு நிபந்தனை. வண்டி பூட்டற நேரமெல்லாம் சேச்சி வண்டியில இருக்கணும். சேச்சி இல்லாம வண்டி ஓடக் கூடாது."

பொங்கியண்ணன் மனசுக்குள் சிரித்தார். காளியாத்தாளா? ரேக்ளா வண்டியிலா? டவுன் பஸ் ஒரு வளைவு திரும்பினாலே முருகனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவள்! ஸ்கூட்டர் ஸ்டாண்டு போட்டு நிற்கும்போதுகூடப் பின் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டுதான் உட்காருவாள். ஒருநாள் ஏறுவாள், மறுநாள் ஓடியே போய்விடுவாள்.

"நல்லா ரோசனை பண்ணிட்டீங்களா?" என்று காளியாத்தாள் கேட்டாள்.

"இதுல ரோசிக்க என்ன இருக்குது? குடுங்க பேனாவை."

அவள் கையெழுத்துக்குக் கீழே, ஏற்றுக்கொண்டதாக அவரும் போட்டார். ரிஜிஸ்டரில் இருவரும் போட்டார்கள். சீல் விழுந்த சத்தம் அவர் காதுக்கு நாதஸ்வரம்போல இருந்தது.

அந்தப் பத்திரத்தை லேமினேஷன் செய்தார். டீக்கடையில் காட்டினார், ரைஸ் மில்லில் காட்டினார், சித்தூர் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரரிடம் காட்டினார். எல்லையின் இரண்டு பக்கமும் அதைப் பார்க்காத ஆள் பாக்கியில்லை.

காளைகள் வந்தன. காளியாத்தாள் கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். வலத்துக் காளையின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தாள். இடத்துக் காளையின் நெற்றியில் சுழி பார்த்தாள். இரண்டின் முதுகிலும் பளார் பளாரென்று தட்டினாள். அதுவரை பொங்கியண்ணனைச் சுவரோடு சாய்த்து முட்டப் பார்த்த காளைகள், அவள் கையை நக்கின.

"இதெல்லாம் உனக்கு எப்படிப் புள்ள தெரியும்?"

"ஏனுங்க, எங்கப்பன் மாட்டுத் தரகரு. மாமனாரு என்ன தொழில் பண்ணுனாருன்னே மறந்து போச்சுங்களா?"

உண்மையிலேயே மறந்துதான் போயிருந்தது.

அவர் எதிர்பார்த்தபடி அவள் ஓடிப்போகவும் இல்லை. வண்டியைப் பூட்டும்போதெல்லாம் வந்து ஏறினாள். ஒருவர் நிற்கவே திணறுகிற வண்டியில், அவர் முதுகோடு ஒட்டி, சட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "மெதுவாங்க... பள்ளமுங்க... அந்தக் கீரைக்காரிகிட்ட நிறுத்துங்க" என்று பந்தயக் காளைகளைக் கொண்டு காய்கறி வாங்கினாள். ஊர் சிரித்தது. பொங்கியண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு பந்தய நாளுக்குக் காத்திருந்தார். பந்தயத்தில் ஒரு வண்டிக்கு ஒரு ஆள்தான் என்று விதி இருக்கிறதே! கமிட்டிக்காரர்களே அவளை இறக்கிவிடுவார்கள். அவர் கை சுத்தம்.

பந்தய நாளும் வந்தது. கமிட்டித் தலைவர் ராஜசேகர் வண்டியைப் பார்த்ததும் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"என்னங்க இது, குடும்பத்தோட வந்துருக்கீங்க? ஒரு வண்டிக்கு ஒரு ஆளுதான். ஒருத்தர் எறங்கோணும்."

பொங்கியண்ணன் முகத்தில் சோகத்தை வரவழைத்துக்கொண்டார். "பாத்தியா காளி. நான் என்ன பண்றது, சட்டம் அப்படி இருக்குது. எறங்கிக்க கண்ணு."

காளியாத்தாள் இறங்கவில்லை. கூடையிலிருந்து லேமினேஷன் பத்திரத்தை எடுத்து ராஜசேகரிடம் நீட்டினாள். "மலையாளம் படிப்பீங்கல்ல? சத்தமாப் படிங்க."

அவர் படித்தார். தாடையைச் சொறிந்தார். இன்னொரு தடவை படித்தார். "பொங்கியண்ணா, அம்மா இல்லாம வண்டி ஓடக் கூடாதுன்னு எழுதியிருக்குது."

"ஆமா, அதுக்கு?"

"நீங்க இல்லாம ஓடக் கூடாதுன்னு எங்கீமே எழுதலீங்களே."

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"பொம்பளை ஓட்டறதாவது! விதியில இருக்குதா?"

"கூடாதுன்னு விதியில்லீங்க. சீல் வேற இருக்குது. நீங்கதான எங்க எல்லார்த்துக்கும் காட்டுனீங்க?"

பொங்கியண்ணன் இறங்கினார். காளியாத்தாள் செருப்பைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். "கயித்தக் குடுங்க" என்றாள்.

விசில் ஒலித்தது. காளைகள் பிய்த்துக்கொண்டு பறந்தன. வண்டி ஒரு பள்ளத்தில் விழுந்து ஒற்றைச் சக்கரத்தில் எழும்பியது. போன வருஷம் பொங்கியண்ணன் விழுந்ததும் இப்படி ஒரு பள்ளத்தில்தான். அன்றைக்கு வண்டிக்கு மேலே இருந்ததால் பயம் தெரியவில்லை. இன்றைக்குக் கீழே நிற்கிறார். கீழே நிற்பது எவ்வளவு கொடுமை என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. புழுதி எழுந்து வண்டியை மறைத்துவிட்டது. வீட்டுக்குப் போனால் விளக்குப் போட ஆளிருக்காதோ என்ற நினைப்பு வந்தது. அப்படி ஒரு நினைப்பு வந்ததற்காகவே அவர் தன்னை அறைந்துகொள்ளப் பார்த்தார். கையில் செருப்பு இருந்ததால் நிறுத்திக்கொண்டார்.

"காளீ! மெதுவாப் போ! கயித்தை இழுத்துப் புடி!" கம்பி வைத்த காலோடு ஓரமாக ஓடினார். எந்தெந்தச் சாமியையோ கூப்பிட்டார்.

புழுதி அடங்கியபோது வண்டி கோட்டைத் தாண்டி நின்றிருந்தது. மூன்றாமிடம். காளியாத்தாள் கலைந்த தலையும் சிவந்த முகமுமாகக் காளைகளின் கழுத்தைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பொங்கியண்ணன் மூச்சு வாங்க வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஊரே பார்க்கிறது என்றும் பார்க்காமல் அழுதுவிட்டார்.

"உனக்கு ஒண்ணும் ஆகலயே?"

"ஒண்ணும் ஆகலீங்க. அடுத்த தடவை மொதல்ல வந்துருவேன்."

"அடுத்த தடவையா? ஆத்தா, போதும்டி! காளையும் வேண்டாம், வண்டியும் வேண்டாம். வர்ற சந்தையிலயே வித்துருவோம். இனி உசுரு இருக்கற வரைக்கும் நானும் ரேக்ளா வண்டியில ஏற மாட்டேன்."

காளியாத்தாள் அவர் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். முந்தானையால் அவர் கண்ணைத் துடைத்துவிட்டாள். அவள் கண்ணும் நிறைந்திருந்தது.

"இதைக் கேக்கறதுக்கு எத்தனை நாளாக் காத்துட்டு இருந்தேன் தெரியுமுங்களா?" என்றவள், அவர் தோளுக்கு மேலாகக் கையை ஆட்டி யாரையோ கூப்பிட்டாள்.

பொங்கியண்ணன் திரும்பிப் பார்த்தார். வேப்பமரத்தடியில், ஸ்கூட்டர் சீட்டின்மேல் ரிஜிஸ்டரை விரித்து வைத்துக்கொண்டு, ஜிபி வக்கீல் மைப்பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார்.

"வெடியக் காலையில இருந்து நிக்கறாங்க, பாவம்" என்றாள் காளியாத்தாள். "சட்டுனு வந்து ஒப்பைப் போடுங்க."